சாதாரணச் சரக்குக்கு எழுதுவது

விளம்பர எழுத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஏ4 தாள். கையில் கொடுத்த குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: 80 ஜிஎஸ்எம், வெள்ளை, கட்டுக்கு 500 தாள். "ஒரு பக்கத்துக்கு விளம்பர வாசகம் வேணும். படிச்சதும் வாங்கத் தோணணும்" என்றார் மேலாளர். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். உயர்தரம், கண்ணைக் கவரும் வெண்மை, ஒப்பற்ற வழவழப்பு, நம்பிக்கையின் மறுபெயர் என்று எல்லாம் இருந்தது.

அவர் படித்தார். பேனாவை எடுத்து, எங்கள் கிளையன்ட் பெயரை அடித்துவிட்டு, மேலே போட்டியாளர் பெயரை எழுதி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இப்போ படிச்சுப் பாருங்க." ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அப்படியே பொருந்தியது. மூன்றாவது நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தியிருக்கும். அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

எங்கே போய் எதைக் கேட்பது என்று தெரியாமல், அலுவலக ஜெராக்ஸ் இயந்திரத்தைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். தாளில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒன்றுதானே என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியில் இருந்து பிரிக்காத ஒரு கட்டை எடுத்தார். அதன் ஓரத்தில், உறை மடித்து ஒட்டியிருக்கும் இடத்தில், சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்தது. அத்தனை நாள் அந்தக் கட்டுகளைப் பிரித்திருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

"தம்பி, தாளுக்கு ரெண்டு முகம் உண்டு. எந்தப் பக்கம் முதல்ல அச்சாகணும்னு இந்த அம்பு சொல்லுது. யாரும் பார்க்கிறதில்ல. தலைகீழா வைப்பாங்க, சுருளும், சிக்கும், அப்புறம் மெஷின் சரியில்லன்னு எனக்கு போன் போடுவாங்க."

அப்புறம் உறையைக் கிழித்து உட்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு விரலில் தட்டுப்பட்டது. காற்றில் இருக்கும் ஈரம் தாளுக்குள் போகாமல் இருக்கத்தான் அது. கட்டைப் பிரித்துப் பாதியை வெளியே போட்டு வைத்தால் தாள் ஈரம் குடித்து ஓரங்கள் அலை அலையாக நெளிந்துவிடும். லேசர் பிரிண்டருக்குள் மைத்தூளை உருக்கி ஒட்டும் உருளை சுமார் 200 டிகிரி வரை சூடாகும். ஈரமான தாள் அந்தச் சூட்டில் சட்டென்று காய்ந்து சுருண்டுகொள்ளும். "மிச்சத் தாளை இந்த உறைக்குள்ளயே வைச்சு மடிச்சுட்டா எனக்குப் பாதி வேலை குறையும்" என்றார்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ0 தாளை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4. அதாவது பதினாறில் ஒரு பங்கு. 80 கிராமில் பதினாறில் ஒன்று 5 கிராம். 500 தாளுக்கு இரண்டரை கிலோ. 75 ஜிஎஸ்எம் தாளாக இருந்தால் ஏறத்தாழ 2.34 கிலோதான் வரும். ஆக, கட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண் உண்மையா என்று வாங்குகிறவரே ஒரு தராசில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு எழுத வேண்டியது கிடைத்துவிட்டது. "தராசில் வையுங்கள். இரண்டரை கிலோ இருக்கும்" என்று தொடங்கி, அம்புக்குறியைப் பற்றி நான்கு வரி, உறையைப் பற்றி நான்கு வரி எழுதினேன். உயர்தரம் என்ற சொல் எங்குமே வரவில்லை. மேலாளர் இந்த முறை பேனாவை எடுக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "அம்பு எல்லார் கட்டுலயும் இருக்கே, அதை நம்மது மாதிரி சொல்லலாமா?"

நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் அதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர் ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு எழுதப் போனார். எல்லா பீர் நிறுவனங்களும் 'சுத்தமானது' என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்த காலம். இவர் ஆலைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். வடிகட்டிய காற்று நிரப்பிய கண்ணாடி அறையில் பீரைக் குளிரவைத்தார்கள். ஏரி பக்கத்திலேயே இருந்தும், சுத்தமான தண்ணீருக்காக 4,000 அடி ஆழத்துக்குக் கிணறு தோண்டியிருந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் இயந்திரத்தில் நான்கு முறை கழுவினார்கள். இதையெல்லாம் ஏன் மக்களிடம் சொல்வதில்லை என்று கேட்டார். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் அதைத்தான் எழுதினார். ஐந்தாம் இடத்தில் இருந்த நிறுவனம் சில மாதங்களில் முதலிடத்தை எட்டிப்பிடித்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

யுஎஸ்பி (unique selling proposition, அதாவது ஒரு பொருளை வாங்க வைக்கும் தனித்த வாக்கு) என்று எங்கள் தொழிலில் தினமும் வாயில் புரளும் சொல்லும் இதை ஒட்டியதுதான். 1961-இல் அதை நூலாக எழுதிப் பரப்பிய ராசர் ரீவ்ஸ், பொருள் தனித்தன்மை உடையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துறையில் வேறு யாரும் சொல்லாத செய்தியாகவாவது இருக்க வேண்டும் என்றார். அந்த இரண்டாவது பாதியை நாங்கள் எல்லாரும் மறந்துவிடுகிறோம். சாதாரணச் சரக்குக்கு எழுதுகிறவருக்கு வாழ்வே அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

என் வரையில் கோடு இங்கே விழுகிறது. எல்லாரும் செய்வதை நாம் முதலில் சொல்லலாம், தவறில்லை. படிக்கிறவருக்கு அது புதுச் செய்தி, பயனுள்ள செய்தி. ஆனால் 'எங்களிடம் மட்டும்' என்ற சொற்களைச் சேர்த்த நொடியில் அது பொய். அந்த இரண்டு சொற்களைப் போடச் சொல்லிப் பல கிளையன்ட்கள் கேட்டிருக்கிறார்கள். நான் போட்டதில்லை.

இருந்தும் வேறொரு இடத்தில் தவறினேன். பெட்டி ஒட்டும் டேப் ஒன்றுக்கு எழுதினேன். அக்ரிலிக் பசை. வெயிலில் நிறம் மாறாது, நாள்பட்டாலும் பிடி தளராது. உண்மையிலேயே நல்ல சரக்கு. உற்சாகத்தில் 'ஒட்டினால் பிரியாது' என்று தலைப்பு வைத்தேன்.

இங்கே தமிழின் இயல்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். கிழியாது, சிக்காது, பிரியாது என்று முடியும்போது அது வெறும் விவரம் கிடையாது. என்றைக்கும், யார் கையிலும், எந்த நிலையிலும் என்கிற சத்தியம் அதற்குள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். 'சிக்குவது குறையும்' என்பதற்கும் 'சிக்காது' என்பதற்கும் நடுவில் இருப்பது ஓசை வேறுபாடு மட்டும் என்று நினைத்திருந்தேன். வாங்குகிறவர் அப்படிப் படிப்பதில்லை. அவர் அதைக் கொடுத்த வாக்காகப் படிக்கிறார்.

ஒரு வாடிக்கையாளர் பழைய அட்டைப்பெட்டிகளை மறுபடி பயன்படுத்துகிறவர். மேலெல்லாம் தூசி, மறுசுழற்சி அட்டையின் சொரசொரப்பு. அக்ரிலிக் பசை மெதுவாகப் பிடிக்கும் வகை. அப்படிப்பட்ட பரப்பில் ஒட்டிய வேகத்தில் கிளம்பிவிடும். அதற்கு உடனே கவ்வும் ஹாட்மெல்ட் பசைதான் சரி. எனக்கு இது எழுதும்போதே தெரியும். தலைப்பின் அழகு கெடுமே என்று விட்டுவிட்டேன். வண்டியில் ஏற்றிய பெட்டிகள் வழியிலேயே வாய் பிளந்துவிட்டன. அவர் டேப்பைக் குறை சொல்லவில்லை. என் வரியை அச்சிட்ட தாளைப் படம் எடுத்து, அந்த இரண்டு சொற்களைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது வந்த கூச்சம் இன்றும் போகவில்லை. யாரோ ஒருவர் நம் சொல்லை நம்பிச் சரக்கை ஏற்றி அனுப்பியிருக்கிறார். பொருளில் குறை இல்லை, சொன்ன சொல்லில்தான் குறை.

மாற்றி எழுதினேன். "புதுப் பெட்டிக்கு, மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும் சரக்குக்கு இந்த டேப். தூசி படிந்த பழைய பெட்டிக்கு இது வேண்டாம், ஹாட்மெல்ட் டேப் வாங்குங்கள்." விற்பனைப் பிரிவில் கடும் எதிர்ப்பு. வேண்டாம் என்று நாமே எழுதுவதா என்றார்கள். முதலாளி இரண்டு நாள் யோசித்துவிட்டு, சரி, போடுங்கள் என்றார். படம் அனுப்பிய வாடிக்கையாளர் இரண்டு வகையும் எங்களிடமே வாங்கத் தொடங்கினார். அது அந்த வரியால்தானா என்று அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

இப்போது என் மேசைக்கு வந்திருப்பது குப்பைப் பை. குறிப்பில் நிறம், அளவு, கனம் எத்தனை மைக்ரான், அவ்வளவுதான். இரண்டு வகை அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றில் அடிப்பக்கம் நேர்க்கோடாக ஒட்டியிருக்கிறது. மற்றதில் அடியை மடித்து மடித்து நட்சத்திரம் போலச் சேர்த்து ஒட்டியிருக்கிறது. நேர்க்கோட்டுப் பையில் மூலைதான் கசியும், நட்சத்திர அடியில் மூலையே இல்லை என்று தயாரிப்புப் பிரிவில் சொன்னார்கள். அதைக் கேட்டு மட்டும் எழுத மனம் வரவில்லை. இரண்டிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் குளியலறைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கீழே பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. நேர்க்கோட்டுப் பையின் இடது மூலைக்குக் கீழே தாள் நனையத் தொடங்கியிருக்கிறது. இன்னொன்றின் கீழே இதுவரை ஈரம் இல்லை. காலை வரை பார்த்துவிட்டுத்தான் முதல் வரி.