சமநிலைக் கருவி கேட்டு வருபவர்களுக்கு

பெங்களூரில் சமநிலைச் சோதனைக்கு வரும் நம்மவர்கள் பலர், காதுக்குள் சமநிலைக் கருவி (உட்காதின் வேலையை மின்துடிப்பால் செய்யும் கருவி) வைத்தால் தலைசுற்றல் நிற்குமா என்று கேட்கிறார்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் சுற்றினால் அந்தப் பேச்சே வேண்டாம். அது பெரும்பாலும் உட்காதுப் படிகம் இடம் மாறியதால் வருவது. தலையை முறையாகத் திருப்பிப் படுக்கவைத்தே சரிசெய்துவிடலாம். கருவி, இரண்டு உட்காதுகளும் செயலிழந்தவர்களுக்கானது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசிக்குப் பிறகு இப்படி ஆனவர்கள் உண்டு. அவர்களுக்கு, நின்றால் பி.எம்.டி.சி. பஸ் போர்டு தெளிவாகத் தெரியும், நடந்தால் எழுத்து துள்ளும்.

முதல் சோதனை வி-ஹிட், அதாவது தலையைத் திருப்பிக் கண்ணசைவை வீடியோவில் அளப்பது. கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டி, எதிரே உள்ள புள்ளியைப் பார்க்கச் சொல்லி, தலையைச் சின்னதாக, வெடுக்கென்று திருப்புவோம். தலையின் வேகத்துக்கு ஈடாகக் கண் எதிர்ப்பக்கம் நகர வேண்டும். கண் வேகத்துக்கும் தலை வேகத்துக்குமான விகிதம் இரு பக்கமும் 0.6-க்குக் கீழே போனால்தான் மேற்கொண்டு பேச்சு. கண்ணாடியின் பட்டை தளர்ந்தால் விகிதம் பொய்யாக ஏறும். கண்மை அதைவிடத் தொல்லை: கேமரா கருமணியை விட்டுவிட்டு மையைப் பிடித்துக்கொள்ளும். முந்தின இரவே எண்ணெய் தொட்டு, இமை ஓரம்வரை துடைத்துவிடுங்கள்.

அடுத்தது காதில் 30 டிகிரி, 44 டிகிரி நீர் விட்டு, அதனால் வரும் கண்ணசைவை அளக்கும் சோதனை. காதில் அழுக்கு இருந்தால் முன்பே எடுத்தாக வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நீர் கூடாது, காற்றுதான். சின்னரிசின் போன்ற தலைசுற்றல் மாத்திரைகள் இந்தக் கண்ணசைவை அடக்கிவிடும். டாக்டரைக் கேட்டு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். நீர் விட்டதும் ஊர்ப் பெயர்களை அடுக்கச் சொல்வோம். மனம் மந்தமானால் நல்ல காதும் கெட்டதாகத் தெரியும் என்பதால்தான் இது. கேள்வி கன்னடத்தில் வந்தாலும் தமிழிலேயே சொல்லுங்கள், திணறாமல் வந்தால் போதும்.

கருவி இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2021-ல் கருவி வைத்துக்கொண்ட எட்டுப் பேரின் முடிவுகளை வெளியிட்டது. உட்காதில் தலையின் சுழற்சியை உணரும் மூன்று அரைவட்டக் குழாய்களின் நரம்பருகே மின்முனைகள். தலையில் அணியும் உணரி அசைவை அளந்து துடிப்புகளாக அனுப்பும். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டக் கண் நகர்வதை அளப்பார்கள். இடையில் முகம் துடித்தால் மின்சாரம் முகநரம்புக்குக் கசிகிறது. அந்த முனையில் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

அந்த ஆய்வில் நடையும் நிற்கும் நிலையும் தேறின. ஆனால் கருவி வைத்த காதில் எட்டுப் பேருக்கும் கேட்கும் திறன் குறைந்தது: ஐவருக்கு 3 முதல் 16 டெசிபல், மூவருக்கு 74 முதல் 104. அதனால் வரும்போது ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) ரிப்போர்ட்டைக் கட்டாயம் கொண்டுவாருங்கள்.