பி16 திரிந்த கதை

ஆய்வு மாணவியாகச் சேர்ந்த முதல் வாரமே மேடம் ஒரு சின்னக் குழாயைக் கையில் கொடுத்தார். உள்ளே பி16 புரதத்துக்கான பிளாஸ்மிட், அதாவது அதன் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம். "156 அமினோ அமிலம்தான், சின்னப் புரதம். மூன்று வாரத்தில் சுத்தம் பண்ணிவிடலாம்" என்றார். ஒன்பது மாதம் ஆனது.

செல் பிரிவதை முடுக்கும் சிடிகே4, சிடிகே6 என்ற இரண்டு நொதிகளைப் பிடித்து நிறுத்தும் பிரேக்தான் பி16. 1993இல் அடையாளம் கண்டார்கள். இதன் மரபணு பல புற்றுநோய்களில் அழிந்தோ கெட்டோ போயிருப்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட புரதத்தின் உடம்பு நான்கே நான்கு அன்கிரின் அலகுகளால் ஆனது.

அன்கிரின் அலகு என்றால் சுமார் 33 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு ஆல்ஃபா சுருள்கள், அவற்றிலிருந்து செங்கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொண்டை ஊசி வளைவு. பக்கவாட்டில் பார்த்தால் 'ட' மாதிரி இருக்கும். கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி அடுக்குவார்களே, அதேதான். அடுக்கு உயர உயர ஒரு பக்கமாக வளையும். இந்தப் புரதங்களும் வளையும், அந்த உள்வளைவில்தான் பெரும்பாலும் அடுத்த புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

1987இல் ஈஸ்ட்டின் சில புரதங்களிலும் பழ ஈயின் நாட்ச் புரதத்திலும் இந்த வரிசையை முதலில் கவனித்தார்கள். பெயர் வந்தது அப்புறம். சிவப்பணுவின் சவ்வை உள்ளிருக்கும் ஸ்பெக்ட்ரின் வலையோடு கட்டிவைக்கும் அன்கிரினில் இப்படி 24 அலகுகள் வரிசையாக இருப்பது தெரிந்ததும் அதன் பெயரே நிலைத்துவிட்டது. கிரேக்கத்தில் நங்கூரம் என்று பொருள். அந்த நங்கூரம் பழுதானால் சிவப்பணுக்கள் தட்டு வடிவம் இழந்து உருண்டையாகி, மண்ணீரலில் சிக்கி அழியும். மிளகாய்க் காரத்தை உணரும் டிஆர்பிவி1 வாயிலிலும் ஆறு அலகுகள் இருக்கின்றன. ஒரே நாற்காலி, எத்தனை வீட்டு விசேஷம் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பிளாஸ்மிட்டை ஏற்றிய ஈ.கோலை பாக்டீரியாவை 37 டிகிரியில் வளர்த்து, புரதம் செய்யத் தூண்டும் ஐபிடிஜி போட்டேன். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தடித்த பட்டை வந்தது, ஒரே சந்தோஷம். செல்களை உடைத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் புரதம் மொத்தமும் அடியில் வண்டலோடு கிடந்தது, கரையவே இல்லை. 18 டிகிரிக்கு இறக்கி ராத்திரி முழுக்க வளர்த்ததில் பாதி கரைசலுக்கு வந்தது. இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம்.

புரதத்தோடு ஜிஎஸ்டி என்ற வாலை ஒட்டியிருந்தோம் (வரி இல்லை, ஒரு நொதி). குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு பூசிய மணிகளில் அது ஒட்டும், பிறகு குளுட்டாதயோன் கரைசலை ஊற்றினால் கழன்று வரும். அதுவரை எல்லாம் கண்ணாடி போலத் தெளிவு. வாலை வெட்ட த்ராம்பின் என்ற நொதி சேர்த்து, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டு, குளிர் அறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் வந்து பார்த்தால் பை முழுக்கத் திரிந்த பால்.

ஒரு முறை இல்லை, ஆறு முறை. உப்பைக் கூட்டினேன், குறைத்தேன், கிளிசரால் சேர்த்தேன், பிஎச் மாற்றினேன். கை ராசியில்லை என்றுகூட நினைத்துவிட்டேன்.

ஒரு நாள் பக்கத்து பெஞ்ச் அக்கா கேட்டார், "டிடிடி போட்டியா?" போட்டேனே என்றேன். புரதங்கள் காற்று பட்டு ஒன்றோடொன்று பிணைந்துவிடாமல் காக்கும் வேதிப்பொருள் அது. பாட்டிலை வாங்கி முகர்ந்தவர், "வாடையே இல்லையே" என்றார். நல்ல டிடிடிக்கு அழுகல் முட்டை நாற்றம் அடிக்கும். என்னுடையது இரண்டு மாதத்துக்கு முன் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தது, செத்துப் போயிருந்தது.

பி16இல் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலம் ஒன்றே ஒன்று உண்டு, 72ஆம் இடத்தில். காற்று பட்டால் இரண்டு பி16கள் அந்த இடத்தில் டைசல்ஃபைடு பிணைப்பால் கைகோத்துக்கொள்ளும். அங்கிருந்து கும்பல் சேர்ந்தால் திரிதல்தான். குளுட்டாதயோன் இருந்தவரை அதுவே காவல் காத்திருக்கிறது. டயாலிசிஸில் அதை வெளியேற்றியது நான். எனக்கு எரிச்சலூட்டியது வேறு ஒன்று: ஜெல்லில் ஏற்றும் சாயத்தில் மெர்காப்டோஎத்தனால் இருக்கும், அது அந்தப் பிணைப்பை உடைத்துவிடும். ஆக ஒவ்வொரு முறையும் தடயத்தை நானே அழித்துக்கொண்டிருந்தேன். அது இல்லாத சாயத்தில் ஓட்டியதும் இரட்டை எடையில் ஒரு பட்டை பளிச்சென்று நின்றது.

புது டிடிடி, 1 மில்லிமோலார். த்ராம்பினுக்குள்ளும் டைசல்ஃபைடு பிணைப்புகள் இருப்பதால் அள்ளிக் கொட்டவும் கூடாது. மறுநாள் காலை பை தெளிவாக இருந்தது. குளிர் அறையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

புரதத்தின் மடிப்பைக் காட்டும் சிடி கருவியில் 208, 222 நானோமீட்டரில் இரண்டு பள்ளம் விழுந்தது. சுருள்கள் சுருண்டிருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் புரதத்தை அவிழ்க்கும் யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஏறக்குறைய 2 மோலாரிலேயே பாதி அவிழ்ந்துவிட்டது. இவ்வளவு நோஞ்சானா?

அதே வாரம் இன்னொரு மாணவர் தன் டார்பினைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஜூரிக் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் ப்ளூக்துன் குழுவினர் ஏராளமான அன்கிரின் வரிசைகளை ஒப்பிட்டு, எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் அதிகம் வருகிறது என்று பார்த்து வடிவமைத்த புரதவகை அது. சிஸ்டீனே கிடையாது. 37 டிகிரியில் வளர்த்து, கொதிநீரில் வைத்து எடுத்தார், ஒரு துளி வண்டல் இல்லை. எனக்கு வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது.

உருண்டைப் புரதங்களில் வரிசையின் தலையும் வாலும்கூட ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அன்கிரின் அடுக்கில் ஒவ்வொரு நாற்காலிக்கும் மேலும் கீழும் உள்ள நாற்காலிதான் பிடிமானம். பி16இல் இருப்பதே நான்கு. அதிலும் இரண்டாவதன் முதல் சுருள் ஒரு சுற்றோடு நின்றுவிடும் ஊனம். முதல் இரண்டும்தான் முதலில் அவிழும், மூன்றும் நான்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். புற்றுநோயில் ஓர் எழுத்து மாறினாலே இந்தப் பிரேக் ஏன் அடிக்கடி கழன்றுபோகிறது என்பது யூரியா வளைகோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது என் பி16 சிறு சிறு குழாய்களில் மைனஸ் 80 டிகிரியில் இருக்கிறது. டிடிடி பாட்டிலில் கரைத்த தேதி எழுதாமல் மூடுவதில்லை. அடுத்து அந்த 72ஆம் சிஸ்டீனைக் கந்தகமில்லாத செரீனாக மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மேடம்.

"சின்ன வேலைதான், மூன்று வாரம்" என்றார்.