கடலட்டையும் கடற்பசுவும்

யாழ்ப்பாணத் தீவுப் பக்கம் ஒரு கடலட்டைப் பண்ணையில வேலை செய்யிறன். வெள்ளை அட்டை எண்டுற கடலட்டை வகை பகலில மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்திட்டு பொழுதுபட்டாப் பிறகுதான் மேல வரும், அதால முழங்கால் தண்ணியில ரோச்சோட நடந்து பாக்கிறதுதான் எங்கட வேலை. கையில தூக்கினா உடன இறுகித் தண்ணியைப் பீச்சும், மேல சாம்பல், அடி வெள்ளை, முகம் எண்டு சொல்ல ஒண்டுமில்லை. அதாலதானோ தெரியேல்ல, இதுக்காக ஒருத்தரும் கவலைப்படுறேல்ல.

மன்னார்ப் பக்கம் கடற்பசு ஒண்டு வலையில சிக்கிச் செத்தா பேப்பரில படத்தோட வரும், பாக்க எனக்கும் வயிறு எரியும். 13, 14 மாசம் சுமந்து ஒரேயொரு குட்டி, அடுத்த குட்டிக்கு 3 வருசத்தில இருந்து 7 வருசம் வரை செல்லும், அதில ஒண்டு போனா லேசில ஈடுசெய்ய ஏலாது. இலங்கையில 1970 இல இருந்தே அதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு.

ஆனா அழியிற ஆபத்தில இருக்கிற உயிர்களை வரிசைப்படுத்துற ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில கடற்பசுவை விட ஒருபடி மோசமான நிலையில இருக்கிறது எங்கட வெள்ளை அட்டை. லட்சக்கணக்கில முட்டை விடுற சீவனுக்கு ஏன் இந்தக் கதி? முட்டையும் விந்தும் வெளியில, தண்ணிக்குள்ளதான் சேரோணும், ஆணும் பெண்ணும் கிட்டக்கிட்ட இல்லாட்டி எத்தினை லட்சம் விட்டாலும் வீண்தான். அள்ளி அள்ளி ஐதாக்கிப்போட்டா மிஞ்சினதும் பெருகாது. இந்தியாவில 2001 இல இருந்து அட்டை பிடிக்கவே தடை, இஞ்சால நாங்கள் லைசன்ஸ் எடுத்துப் பிடிச்சு அவிச்சுக் காயவச்சு சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்புறம், இத்தனைக்கும் ரெண்டு கரைக்கும் நடுவில இருக்கிறது ஒரே பாக்குநீரிணைதான்.

கடற்பசு மேயிறது சாதாளை எண்டுற கடற்புல்லைத்தான். அட்டைக் குஞ்சும் முதல்ல வந்து ஒட்டுறது சாதாளை இலையிலதான், கொஞ்சம் வளந்த பிறகுதான் மண்ணுக்கு இறங்கும். பக்கத்தில வலை போடுற ஐயா ஒராள், "பிள்ளை, உந்தச் சாதாளை வலையில ஏறினா விடியவிடியப் புடுங்கோணும்" எண்டு அலுத்துக்கொள்ளுவார், அவற்ற கஷ்டம் விளங்குது, ஆனா அவர் பிடிக்கிற றாலும் அதுக்குள்ளதான் வளருது. அதால பண்ணைக்கு இடம் பாக்க வாறவையிட்ட நான் கெஞ்சிக் கேக்கிறது இதுதான்: சாதாளையைப் புடுங்கிப்போட்டு வேலி அடிக்காதேங்கோ, பக்கத்து வெறும் மணலில அடியுங்கோ. பண்ணை அட்டைக்குக் குஞ்சு ஹச்சரியில (குஞ்சு பொரிக்க வைக்கிற நிலையத்தில) இருந்து வரும், கடலில தானாப் பெருகிற அட்டைக்கு அந்த இலையை விட்டா வேற இடமில்லை.