கச்சான் காற்றில் களுவாஞ்சிக்குடி வரை

மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போகும் வீதியில் எந்த மதகின் மேல் சக்கரம் துள்ளும், எந்த வளைவில் நாய்கள் துரத்தும், எந்த இடத்தில் கடற்கரை மணல் தார் வரை ஏறிக் கிடக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான்கு வருடங்களாக வாரத்தில் நான்கு நாட்கள், அலுவலகத்துக்குப் போகும் முன், விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வீதியில் சைக்கிள் ஓட்டி வருகிறேன். ஆகவே கடந்த ஆனி மாதம் ஒரு விளையாட்டுக் கழகம் தன் ஆண்டு நிறைவையொட்டி அதே வீதியில் துவிச்சக்கர வண்டி ஓட்டப் போட்டி நடத்தப் போவதாக அறிவித்தபோது, நாற்பத்தொரு வயதில் முதன்முறையாகப் பெயர் கொடுப்பதற்கு எனக்குத் தயக்கம் ஏதும் இருக்கவில்லை. சாதாரண சைக்கிளுக்கு ஒரு பிரிவு, கியர் சைக்கிளுக்கு ஒரு பிரிவு. கியர் பிரிவுக்குக் களுவாஞ்சிக்குடி வரை போய்த் திரும்ப ஏறத்தாழ 50 கிலோமீற்றர். என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள். கைப்பிடியில் சுற்றியிருக்கும் நாடா மட்டுந்தான் புதியது.

போட்டிக்கு முந்திய வாரம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மாவின் மூத்த தம்பியான அவர், இளமையில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்குச் சைக்கிளில் விறகு கட்டிக் கொண்டுவந்து விற்றவர். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை வாவியைப் பாதையில்தான் கடக்க வேண்டும். (வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் பாதை என்றால் நடக்கும் வழியல்ல, வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) பாதையை விட்டு இறங்கியதும் ஐந்தாறு விறகுச் சைக்கிள்கள் ஒன்றாகவே பட்டணத்துக்குப் புறப்படுமாம். சைக்கிளின் இரு புறமும் கட்டிய விறகு பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கட்டுமஸ்தான ஒருவர் காற்று வரும் பக்கமாக முன்னே போக, மற்றவர்கள் அவருக்கு மறைவில் சற்று விலகி விலகி வருவார்களாம். சிறிது நேரத்தில் ஆள் மாறுமாம். இதையெல்லாம் பழங்கதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். புறப்படும்போது, “காத்தோட மல்லுக்கு நிக்காத மனே, ஆருக்கும் பின்னால மறஞ்சி போ” என்றார். விறகுக் கட்டு ஏற்றாத சைக்கிளுக்கு இந்த அறிவுரை எதற்கு என்று நினைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்துவிட்டேன்.

போட்டி காலை 6.30 மணிக்கு ஆரம்பமாகும் என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆறு மணிக்கே கல்லடிப் பாலத்தடியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கூடிவிட்டோம். 1924 ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலமும் அதன் அருகே 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் இளவெயிலில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. வாவி அசையாமல் இருந்தது. ஆனால் பிரதம அதிதி வரவில்லை. அவர் வந்து, மாலை அணிவித்து, மங்கள விளக்கேற்றி, ஒலிபெருக்கியில் விளையாட்டின் மகத்துவம் பற்றி நால்வர் பேசி முடித்துக் கொடி அசைக்கப்பட்டபோது மணி 8.20. காய்ச்சிய தசையோடு நின்ற நாங்கள் அனைவரும் ஆறிப்போயிருந்தோம் என்பது சிறிய இழப்பு. பெரிய இழப்பு, அந்த இரண்டு மணித்தியாலத்தில் கச்சான் எழும்பிவிட்டது.

கச்சான் என்றால் இங்கே வறுத்த நிலக்கடலையும்தான், ஆனால் ஆனி ஆடியில் அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரத்தை இழந்து, கிழக்குச் சரிவால் இறங்கும்போது சூடேறி எங்கள் பக்கம் வந்து சேர்கிறது. கொடியில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் காயும், உதடு வெடிக்கும். விடியற்காலையில் அது பெரும்பாலும் அடங்கியிருக்கும் என்பதால், நான்கு வருடப் பயிற்சியில் அதனோடு எனக்குப் பழக்கமே ஏற்பட்டிருக்கவில்லை. என் வீதி எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையின் ஓட்டை அங்கேதான் இருந்தது.

கொடி அசைந்ததும் நான் முன்னால் போய்விட்டேன். திட்டமென்று ஒன்றுமில்லை, கால்கள் துடித்தன, போனேன். நாவற்குடாவைத் தாண்டிக் காத்தான்குடிக்குள் நுழையும்போதும் முதல் ஆளாக இருந்தேன். வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்க, பொலிஸார் குறுக்குத் தெருக்களில் வாகனங்களை மறித்து வைத்திருக்க, கடை வாசல்களில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு சிறுவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். வாங்கத் தெரியாமல் தட்டி விழுத்திவிட்டேன். இருமருங்கும் கட்டடங்கள் அடர்ந்திருந்ததால் காற்றே தெரியவில்லை. வேகமானி 36, 37 என்று காட்டியது. ஆரையம்பதியிலும் நானே முன்னிலை. பின்னால் திரும்பிப் பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் என் சக்கரத்தோடு ஒட்டினாற்போல் வந்துகொண்டிருந்தார்கள்; ஒருவர்கூட என்னை முந்த முயலவில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தாழங்குடாவைக் கடந்து வலப்பக்கம் வெளித்ததும் காற்று தோளில் இடித்தது. தெற்கே போகும் இந்த வீதி சற்றுக் கிழக்காகச் சரிந்து செல்வதால், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் கிட்டத்தட்டக் குறுக்காகவே வலப்பக்கத்தில் அடிக்கும். வேகமானி 31க்கு இறங்கியது. அப்போதுதான் பின்னால் வந்தவர்களில் நால்வர், சொல்லி வைத்தாற்போல், என்னைக் கடந்து முன்னே போனார்கள். போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்கவில்லை. முதல் ஆள் வீதியின் நடுக்கோட்டை ஒட்டிச் செல்ல, அடுத்தவர் அவருக்கு இடப்புறமாகச் சற்றுப் பின்னே, மூன்றாமவர் இன்னும் இடப்புறமாக என்று சாய்வாக ஒரு வரிசை விழுந்தது. காற்று குறுக்காக அடிக்கும்போது மறைவு நேர் பின்னால் இருக்காது, சாய்வாகத்தான் இருக்கும். நேர்காற்றில் ஒருவரின் பின்னால் ஒட்டிப் போனால் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும் என்று வாசித்திருக்கிறேன். குறுக்குக் காற்றில் அந்த மிச்சம் எந்த மூலையில் இருக்கிறது என்பதை யோசித்ததில்லை.

எதிர்ப்புறத்தில் பஸ்ஸும் லொறியும் வந்துகொண்டிருந்ததால் எங்களுக்கு இருந்தது பாதி வீதிதான். அந்த அகலத்தில் சாய்வாக ஆறு பேர் நிற்கலாம். பின்னால் வந்தவர்களில் மேலும் இருவர் அதில் இடம் பிடித்துவிட, நான் ஏழாவது ஆள். ஆறாமவருக்கு இடப்புறம் எனக்கு இருந்தது தார் முடியும் விளிம்பும் மணலும் மட்டுமே. நேர் பின்னால் போனால் காற்று முழுவதும் என் மேல். புதுக்குடியிருப்பிலிருந்து கிரான்குளம் வரை அந்த விளிம்பில் தொங்கினேன். அவருடைய பின் டயரின் ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சை நிற ஒட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சாண் இடைவெளி இரண்டு சாணாவதையும், இரண்டு சாண் ஒரு சைக்கிள் நீளமாவதையும், பிறகு அது ஒரு மதில் நீளமாவதையும் கண்டேன். அறுந்த பின் பிடிப்பது நடக்காத காரியம். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தின் அளவில் கூடுகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் நானும். 30இல் போகிறவன் 40க்கு எழும்ப வேண்டுமென்றால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கூடும். அந்த நான்கில் மூன்று பங்கை நான் காத்தான்குடியில் கை தட்டியவர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டிருந்தேன்.

குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு எல்லாம் தனியாகவே கடந்தன. கண்ணகி அம்மன் கோயில்களின் திருக்குளிர்த்திச் சடங்கு முடிந்து கழற்றாமல் விட்ட தோரணங்கள் காற்றில் படபடத்தன. களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்து வேலிக்கு அருகே ஒரு முதியவர் நின்று, “முன்னுக்குப் போனவங்க போய்க் கனநேரம் தம்பி” என்று தகவல் தந்தார், அதைக் கேட்காமலிருந்திருக்கலாம். களுவாஞ்சிக்குடியில் ஒரு தார்ப் பீப்பாவைச் சுற்றித் திரும்ப வேண்டும். திரும்பியதற்கு அத்தாட்சியாக ஒரு பையன் கையில் சிவப்பு றப்பர் வளையம் மாட்டினான். வியர்வையில் அது வழுக்கி விழ, சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கி அதைத் தேடியெடுத்தேன்.

அப்படி நின்ற அரை நிமிடந்தான் எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம். பின்னால் வந்த இருவர் அதற்குள் சேர்ந்துகொண்டார்கள்: ஒருவன் உயர்தரம் படிக்கும் பொடியன், மற்றவர் காத்தான்குடியில் கடை வைத்திருப்பவர். திரும்பும் வழியில் காற்று இடப்பக்கம், மறைவு வலப்பக்கம். “நானா, நீங்க கொஞ்சம் உள்ளுக்கு வாங்க” என்று பொடியன் கடைக்காரரை அழைத்தான். (நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன்.) அவர் என்னைப் பார்த்து, “தம்பி, நூறு எண்ணிப்போட்டு மாறுங்க” என்றார். அப்படியே செய்தோம். நூறு எண்ணும் வரை காற்றைப் பிடிப்பது, பிறகு விலகி மற்ற இருவருக்கும் மறைவில் மூச்சு வாங்குவது. எதிரே லொறி வரும்போது மட்டும் ஒற்றை வரிசையாகச் சுருங்கினோம். மறைவில் இருக்கும்போது சத்தமே குறைந்துவிடுகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். காதில் இரைந்துகொண்டிருந்த காற்று நின்று, செயின் ஓடுவதும் முன்னால் போகிறவர் மூச்சு விடுவதும் கேட்கும். மாமா சொன்ன விறகுச் சைக்கிள்கள் அப்போதுதான் என் கண்ணுக்குள் வந்தன. மூவருமாக வழியில் ஐந்து பேரைக் கடந்தோம், எல்லோரும் தனித்தனியே காற்றோடு போராடிக்கொண்டிருந்தவர்கள்.

நாவற்குடாவில் பொடியன் எங்களை விட்டுப் பறந்துவிட்டான். நான் பதினான்காவதாக வந்தேன். கையில் வளையம் இல்லாத இருவரை நீக்கியதால் பன்னிரண்டாவது ஆனேன். சற்று நேரம் தகராறு நடந்தது. சான்றிதழில் என் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தது. திருத்தித் தருவதாக வாங்கி வைத்தவர்கள் இன்னும் தரவில்லை. உப்பும் சீனியும் சேர்ந்த ஜீவனிக் கரைசல் இரண்டு போத்தல் குடித்தும் மாலை வரை தொடை இழுத்துக்கொண்டே இருந்தது.

இரவு மாமாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். பன்னிரண்டாவது என்றதைக் கேட்டுக்கொண்டாரே தவிர, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது முன்னால் காற்றைப் பிடித்தது யார் என்று கேட்டார். கல்லடியிலிருந்து தாழங்குடா வரை நான்தான் என்றேன். மறுமுனையில் நெடுநேரம் சிரிப்புச் சத்தம்.

“விறகு இல்லாம ஓடியும் உனக்குப் பாரம் கொறயல்லியே மனே.”