மரியாதையாக நில்லுங்கள்

முதியோர் உதவித்தொகை கணக்கில் ஏறும் நாள்களில் பணக் கவுண்டர் எப்படி இருக்கும் என்பது வங்கியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே கூட்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. எங்கள் கிளையின் இளம் காசாளர், வரிசையைத் தாண்டி முன்னால் வந்த ஒரு முதியவரிடம் சொன்ன ஒரே ஒரு தொடர்தான் இன்னும் என்னை விடாமல் இருக்கிறது: “பெரியவரே, மரியாதையா வரிசையில நில்லுங்க.”

எழுதிப் பார்த்தால் இதில் குறை சொல்ல இடமில்லை. விளி உயர்வானது, ஏவல் பன்மையில் இருக்கிறது, நடுவில் ‘மரியாதை’ என்ற சொல்லே வந்திருக்கிறது. ஆயினும் தமிழ் பேசும் எவர் காதிலும் இது மிரட்டலாகவே விழும். ‘மரியாதையாகப் பணத்தைக் கொடுத்துவிடு’ என்பவர் தம்முடைய பணிவைப் பற்றிப் பேசவில்லை. உன் மானம் இப்போது என் கையில் இருக்கிறது, அதை நான் போக்குவதற்குள் சொன்னதைச் செய் என்கிறார். வடமொழியில் எல்லை, கரை என்று பொருள்படும் சொல் இது. தமிழில், கோயில் பரிவட்டம் தொடங்கிக் கல்யாண வீட்டு வரவேற்பு வரை, ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கிற ஒன்றாக அது ஆகிவிட்டது. கொடுப்பவர் நினைத்தால் நிறுத்தியும் விடலாம். 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கம் அந்தச் சொல்லுக்கு முன் ‘சுய’ என்பதை வைத்ததில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தக் கவுண்டரின் பக்கத்தில் நின்றபோது எனக்கு உறைத்தது.

வயதானவரிடம் இப்படிப் பேசக்கூடாது என்று அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் காசாளரிடம் சொன்னேன். அவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: “நில்லுங்கன்னுதானே சார் சொன்னேன்? காலையிலேருந்து நிக்கிறவங்களுக்கு மரியாதை வேண்டாமா?”

முதல் கேள்விக்கு என்னிடம் விடை உண்டு. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், அது இலக்கண நெறி அன்று என்கிறது தொல்காப்பியம். வழக்கு தந்த உயர்வை அதே வழக்கு, ஒரு சொல்லின் அழுத்தத்தால், கவிழ்த்துவிடவும் முடியும். இரண்டாம் கேள்விக்கு அன்று விடை சொல்லவில்லை, இன்றும் தடுமாறுகிறேன். வரிசையில் நின்றவர்களில் பலர் அந்த முதியவரின் வயதினர். ‘வரிசை’ என்பதே முன்பு அவரவர் தகுதிக்கேற்ற சிறப்பைக் குறித்த சொல், சீர்வரிசையில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்கியில் அது எவருடைய தகுதியையும் பாராத ஒழுங்கு. காசாளர் காக்க முயன்றது அந்த ஒழுங்கைத்தான்.

நானோ முதியவரை என் அறைக்கு அழைத்து உட்கார வைத்து, பணத்தை அங்கேயே வரவழைத்துக் கொடுத்தேன். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை தரும் கவுண்டர் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளைப் பணித்திருக்கிறது. எனவே விதி என் பக்கம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த விதி வரிசையில் நின்ற மற்ற முதியவர்களுக்கும் உரியது, அவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவிர, எங்கே நிற்கலாம் என்பதைத்தான் விதி சொல்லும்; நிற்பவரிடம் எப்படிப் பேசுவது என்பது பேசுபவரின் பொறுப்பில் இருக்கிறது.

“தம்பி தப்பா ஒண்ணும் சொல்லலீங்க” என்றார் முதியவர். அதை எப்படி எடுத்துக்கொள்வது? ‘நில்லுடா’ என்பதையே வாழ்நாளெல்லாம் கேட்ட காதுக்கு ‘நில்லுங்க’ என்பது உண்மையிலேயே போதுமானதாக இருந்திருக்கலாம். அடுத்த மாதமும் இதே கவுண்டருக்கு வந்தாக வேண்டும் என்பதால் சொன்னதாகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் என்றால், காசாளருக்கு நான் சொன்னது சரி என்பது மேலும் உறுதியாகிறது. முதலாவது என்றால், அவருக்குப் படாத ஒரு காயத்துக்காக நான் ஓர் இளைஞரை ஊர் முன்னால் தலைகுனிய வைத்திருக்கிறேன்.

மறுபடி அந்தத் தொடரைக் கேட்டால் தடுக்கவே செய்வேன், அதில் எனக்கு ஐயமில்லை. காசாளரைத் தனியே அழைத்துச் சொல்வதா என்பதில்தான் மனம் நிலைகொள்ளவில்லை. தனியே சொன்னால், சபையில் பட்ட சொல்லுக்குச் சபையில் மறுப்பு இல்லாமல் முதியவர் வீடு திரும்புவார். சபையில் சொன்னால், நாளெல்லாம் அதே மக்கள் முன் உட்கார வேண்டிய காசாளர் எதை வைத்துக்கொண்டு அங்கே உட்காருவார்?