கடல் கோயிலில் கலைவாணி

மகளுக்கு நாலு வயது வரை பேச்சு வரவில்லை. என் அம்மா கூத்தனூர் சரஸ்வதியிடம் வேண்டிக்கொண்டாள். இப்போது குழந்தை வாய் ஓயாமல் பேசுகிறாள். "ஊருக்கு வந்ததும் கூத்தனூர் போகலாம். அதுக்கு முன்னாடி அங்கே இருக்கிற சரஸ்வதிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வா" என்று அம்மா போனில் சொன்னாள். நாங்கள் இருக்கும் ஜப்பானில் சரஸ்வதியின் பெயர் பென்சைதென்.

ஹிரோஷிமா பக்கத்து மியாஜிமா தீவுக்குப் படகில் பத்து நிமிஷம்தான். இறங்கினால் ஒரே கூட்டம். கடலுக்குள் நிற்கும் சிவப்பு வாயிலோடு படம் எடுக்க நீள வரிசை. கும்பிட வந்தவர்களை இடித்துக்கொண்டு போகிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வாயிலுக்குரிய இட்சுகுஷிமா கோயில் 593-ல் தோன்றியதாக ஐதீகம். 1168 வாக்கில் தைரா நோ கியோமோரி என்ற போர்த்தலைவர் இதைப் பெரிதாக எடுத்துக் கட்டினார். தீவே தெய்வம் என்பதால் அதன் மேல் கட்டாமல், அலை ஏறி இறங்கும் இடத்தில் தூண் நிறுத்தியிருக்கிறார்கள். கடலைக் காக்கும் மூன்று தேவியர் உள்ளே இருக்கிறார்கள்.

கை, வாய் கழுவிக்கொண்டு நடந்தோம். தரைப் பலகைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விட்டிருக்கிறார்கள். கடல் பொங்கினால் தண்ணீரின் வேகம் அந்த வழியாகத் தணியும், தரை பெயராது. மகள் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அப்பா, கீழே தண்ணி மினுங்குது!" என்றாள். இந்தக் குரலுக்குத்தானே அத்தனை நாள் காத்திருந்தோம்!

இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி குனிந்து வணங்கினோம். அப்புறம் பக்கத்திலேயே இருக்கும் தாய்கான்ஜி என்ற புத்தர் கோயிலுக்குப் போனோம். முன்பு பென்சைதென் கடல் கோயிலிலேயே இருந்தாள். மெய்ஜி காலத்தில், 1868-க்குப் பிறகு, ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

சன்னதி சாத்தியிருந்தது. வருஷத்தில் ஜூன் 17 அன்று மட்டும்தான் தரிசனமாம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மாவிடம் என்ன சொல்வேன்?

மகள் பழக்கத்தில் இங்கேயும் இரண்டு முறை கை தட்டினாள். புத்தர் கோயிலில் தட்டக் கூடாது, ஆனாலும் நான் தடுக்கவில்லை. கதவருகே போய்த் தன் பெயரையும் பாட்டி பெயரையும் சத்தமாகச் சொன்னாள். "பாட்டி அனுப்பிச்சாங்க. எனக்குப் பேச்சு வந்துடுச்சு" என்றாள்.

தாயே, கேட்டிருப்பாய். நான் அழுதுகொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பும்போது அலை ஏறி, வாயிலின் கால்கள் முழுகியிருந்தன. படகில் அம்மாவுக்குப் போன் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டேன்.