புரட்டாசி சனிக்கிழமை மேட்ச்: மயிலாடுதுறை பஸ் எத்தனை மணிக்கு வரும்?

வரும் சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு நம்ம கும்பகோணம் பசங்களும் மயிலாடுதுறைப் பசங்களும் கூடைப்பந்தில் மோதுகிறார்கள். கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறை பஸ் 4 மணிக்குள் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் நமக்கு 61, அவர்களுக்கு 57. 5 மணியைத் தாண்டி வந்தால் நமக்கு 54, அவர்களுக்கு 58. நடுவில் வந்தால் ஓவர்டைம் கூடப் போகலாம், தண்ணீர் பாட்டில் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பஸ்ஸுக்கும் ஸ்கோருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம்ம கோர்ட் கிழக்கு மேற்காகப் போட்டது. திறந்தவெளிக் கோர்ட்டை வடக்கு தெற்காகப் போட வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் இடம் இருந்த வாக்கில் போட்டுவிட்டார்கள். மேற்குப் பக்கம் காம்பவுண்டுச் சுவர், நாலு தென்னை, அதற்கு அந்தப்புறம் வயல். ரிங் என்கிற வளையத்தைத் தாங்கும் போர்டு இரண்டும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக். ஸ்கோர் டேபிள் தெற்கே இருக்கிறது. சொந்த ஊர் அணியின் பெஞ்ச் டேபிளிலிருந்து பார்த்தால் இடது கைப் பக்கம், அதாவது மேற்கே. விதிப்படி அந்தப் பக்கத்து ரிங்தான் நாம் காக்க வேண்டியது. ஆகவே முதல் பாதி முழுக்க மயிலாடுதுறை மேற்கு ரிங்கில்தான் எறிய வேண்டும், சூரியனைப் பார்த்தபடி.

புரட்டாசியில் இங்கே சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கு மறைகிறது. கடைசி ஒன்றரை மணி நேரத்தில் நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் இறங்கும். ரிங் உயரம் 3.05 மீட்டர். ஃப்ரீ த்ரோ கோட்டில், அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதலை எறியும் இடத்தில், நிற்கிறவரின் கண் உயரம் 1.7 மீட்டர் என்றால், அவர் ரிங்கை ஏறக்குறைய 18 பாகை அண்ணாந்து பார்க்கிறார். சூரியன் அந்த உயரத்துக்கு வருவது 4.50 வாக்கில். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து, அதாவது 6.75 மீட்டரிலிருந்து, அதே ரிங் 11 பாகைதான். சூரியன் அங்கே வருவது 5.15க்கு. நேரத்துக்கு ஆரம்பித்தால் முதல் காலாண்டு, அதாவது ஆட்டத்தின் முதல் கால் பாகம், முடியும்போது அவர்கள் ஃப்ரீ த்ரோ கண்கூசும், இரண்டாம் காலாண்டு முடியும்போது மூன்று புள்ளி எறிதல் கண்கூசும். இந்த மாதத்தில் சூரியன் நேர் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி இறங்குவதால், கோர்ட்டின் வடக்குப் பாதியில் நின்று எறிகிறவருக்குத்தான் தொந்தரவு அதிகம். மரப்பலகைப் போர்டாக இருந்தால் நேர் எதிரே இருக்கிற வெயிலை அதுவே மறைத்துவிடும். அக்ரிலிக் மறைக்காது.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது, அவர்கள் கோச்சுக்கு அது தெரியாமல் இருக்காது. மூலையிலிருந்து எறிகிறவர் வடக்கையோ தெற்கையோதான் பார்க்கிறார், சூரியன் பக்கவாட்டுக்குப் போய்விடும். மூலையில் தூரமும் குறைவு, 6.60 மீட்டர். அதனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மயிலாடுதுறை போடப்போகும் நாலு மூன்று புள்ளியில் மூன்று மூலையிலிருந்து வரும். நம்ம பசங்க ஜோன் போட்டு, அதாவது ஆளைக் காக்காமல் இடத்தைக் காத்து, நடுவில் கூட்டமாக நின்றால் அந்த மூலை காலியாகத்தான் கிடக்கும். ஆளுக்கு ஆள் பிடித்து மேன் டு மேன் ஆடட்டும்.

இப்போது பஸ். நாற்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். சாதாரண நாளில் குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர் என்று வழுக்கிக்கொண்டு வந்துவிடலாம். புரட்டாசி சனிக்கிழமை அப்படி இல்லை. திருநாகேஸ்வரத்தில் உப்பிலியப்பன் கோயிலுக்குப் போகிற வேன்களின் நெரிசல் அந்தப் பக்கம் இருக்கும். பஸ் ரெண்டே கால் மணிக்காவது மயிலாடுதுறையை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்ப மாட்டார்கள் என்பது என் கணிப்பு. குறித்த நேரத்துக்கு மேல் 15 நிமிடம் வரை ஐந்து பேர் தயாராகாவிட்டால் ஆட்டம் 20-0 என்று எதிரணிக்குப் போகும் என்பது விதி. நம்ம ஊர் பி.டி. மாஸ்டர் யாரும் அதைக் கையில் எடுக்க மாட்டார். வந்த பிள்ளைகளை ஆடாமல் திருப்பி அனுப்புவது அவர்களுக்கு மனசு வராத காரியம், அதுதான் சரியும்கூட.

வழியில் இறங்கிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவதானால் ஒரே ஒரு வேண்டுகோள். உப்பிலியப்பன் கோயில் பிரசாதத்தில் உப்பு கிடையாது. புண்ணியத்துக்குக் குறைவில்லை, ஆனால் சிமெண்ட் தரையில் நாற்பது நிமிடம் வியர்வை கொட்டி ஓடப்போகிற காலுக்கு உப்பு தேவை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் குடிக்கட்டும். அரை லிட்டரில் கரைத்தால் திகட்டி வயிறு கலங்கும். இது இரண்டு அணிக்கும்தான். மூன்றாம் காலாண்டில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு யாராவது உட்காருவார்கள். பெரும்பாலும் அது விரதம் இருந்து ஆடுகிற பையனாக இருப்பான். அவனை ஒரே மூச்சில் பத்து நிமிடம் ஆடவிடாமல், நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றி எடுத்தால் கடைசிவரை தாங்குவான்.

பஸ் தாமதமாகி ஆட்டம் ஐந்தரைக்குத் தொடங்கினால் எல்லாமே தலைகீழ். அப்போது சூரியன் 7 பாகை வாக்கில் இறங்கி, தென்னைக்கும் சுவருக்கும் பின்னால் போயிருக்கும். அவர்களுக்கு நிழலில் முதல் பாதி. இரண்டாம் பாதி ஆறரைக்கு, முழுக்க விளக்கு வெளிச்சத்தில். அந்தப் பாதியில் மேற்கு ரிங்கில் எறிய வேண்டியது நாம். மேற்கு விளக்குக் கம்பம் வயலை ஒட்டி நிற்கிறது. குறுவை அறுவடையும் சம்பா நடவும் சேர்ந்து நடக்கிற இந்த நாட்களில் விளக்கைப் போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி எப்படி வரும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரீ த்ரோ எறிகிறவன் கண்ணிலும் வியர்த்த கையிலும் ஒட்டும். செத்து விழுந்தது கால் பட்டு நசுங்கினால் ரிங்குக்குக் கீழே தரை வழுக்கும், ரிங் வரை ஓடிப்போய் எறிகிற லே-அப்புக்குப் பயம் வந்துவிடும். இரண்டாம் பாதியில் நம்ம ஸ்கோர் 25ஐத் தாண்டாது என்று சொல்வது இதனால்தான்.

இதை மாற்ற முடியும். அஞ்சே முக்காலுக்கே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், கோர்ட்டிலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, வெள்ளை வெளிச்சம் தரும் பல்ப் ஒன்றைப் போட்டு அடியில் அகலமான தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்துவிடுங்கள். வயலில் வைக்கிற விளக்குப் பொறி இதேதான். கோர்ட் விளக்கை அதற்கு அரைமணி கழித்துப் போட்டால் போதும். மேற்குக் கம்பத்தில் மஞ்சள் நிற எல்.இ.டி. மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது, வெள்ளைக்கு வருகிற அளவு பூச்சி மஞ்சளுக்கு வராது. ஒவ்வொரு டைம் அவுட்டிலும் ஜூனியர் பசங்க ரெண்டு பேர் தென்னந்துடைப்பத்தோடு ரிங்குக்குக் கீழே ஓட வேண்டும். இதையெல்லாம் செய்தால் 54-58 என்ற என் கணிப்பு பொய்த்துப்போகும். தாராளமாகப் பொய்க்கட்டும்.

61-57 எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்குக் கணக்கு இதோ. நாற்பது நிமிடம் என்றால் 2400 விநாடி. ஒரு முறை பந்தைக் கொண்டுபோய் முடிக்கச் சராசரி 17 விநாடி வைத்தால் மொத்தம் சுமார் 140, அணிக்கு 70 வாய்ப்பு. அதில் 16 டர்ன்ஓவரில், அதாவது எறியாமலே பந்தைப் பறிகொடுத்து, போகும். சிமெண்ட் கோர்ட்டில் பாய்ந்து விழுந்து பந்தைக் காப்பாற்ற எவனும் துணிய மாட்டான், முழங்கை தோல் உரிந்துவிடும், அதனால் உருண்ட பந்தெல்லாம் வெளியேதான் போகும். ஃப்ரீ த்ரோ 16 கிடைக்கும், அது 7 வாய்ப்புக்குச் சமம். மிச்சம் 47. அதோடு நம் எறிதல் தவறி நாமே பிடிக்கிற ரீபவுண்ட் 11 சேர்ந்தால் 58 எறிதல். இந்த 58 இரண்டு அணிக்கும் பொது. மூன்று புள்ளி 15 எறிந்து 4 விழும், 12 புள்ளி. இரண்டு புள்ளி 43 எறிந்து மயிலாடுதுறைக்கு 18 விழும், 36 புள்ளி. 16 ஃப்ரீ த்ரோவில் 9. கூட்டினால் 57. நமக்கு இரண்டு புள்ளிக் கூடை ஒன்று கூடுதல், ஃப்ரீ த்ரோ இரண்டு கூடுதல், ஆக 61. அந்த நாலு புள்ளி வித்தியாசம் முழுக்க நாலரை மணி வெயில் கொடுக்கிறது.

வாய்ப்பு குறைய குறைய அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. 2018 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் முதலிடத்தில் வைக்கப்பட்ட வர்ஜீனியா, நிதானமாகப் பந்தைக் கட்டிவைத்து ஆடுகிற அணி. இடைவேளையில் 21-21. பால்டிமோர் கவுண்டியிலிருந்து வந்த மேரிலாண்ட் பல்கலைக்கழக அணி, தங்கள் மண்டலப் பட்டியலில் கடைசி 16-ம் இடத்துக்காரர்கள், 74-54 என்று ஜெயித்துவிட்டார்கள். ஆண்கள் பிரிவில் 16-ம் இடம் முதலிடத்தை வென்றது அதுதான் முதல் தடவை. அந்த ஊர் ரசிகர்கள் 68 அணிக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்த கணிப்புத் தாள்கள் அன்றைக்கு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மெதுவாக ஆடுகிற அணி பின்தங்கினால் எட்டிப்பிடிக்க வாய்ப்பே மிச்சமிருக்காது. நம்ம பசங்க பந்தை வைத்து உருட்டாமல், ரீபவுண்ட் எடுத்ததும் எதிர் ரிங்குக்குப் பாய்ந்து ஃபாஸ்ட் பிரேக் ஓட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்.

இனி சில்லறைக் கணிப்புகள்.

அவர்களுடைய பிவட், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் நிற்கிற உயரமான ஆட்டக்காரர், மூன்றாம் காலாண்டு முடிவதற்குள் நாலாவது ஃபவுல் வாங்குவார். நம்ம 7-ம் எண் இடது கைக்காரன், ரிங்குக்கு வலது பக்கம் போகிறவன் போலக் காட்டி இடது பக்கம் வெட்டுவான். பிவட் கையை இறக்காமல் இருக்க முடியாது. ஐந்தாவது ஃபவுலோடு வெளியே. ஒரு காலாண்டில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அதை மனதில் வைத்து காலாண்டின் முதல் ஐந்து நிமிடம் ரிங்கை நோக்கியே போக வேண்டும்.

கேலரியில் குறைந்தது பத்துப் பேர் ஒவ்வொரு லே-அப்புக்கும் "டிராவல்", அதாவது பந்தைத் தட்டாமல் கூடுதலாக அடி வைத்துவிட்டான், என்று எழுந்து நிற்பார்கள். நடுவர் விடுவார், நடுவர்தான் சரி. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கிற கால் கணக்கில் வராது, அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம். 2017 முதல் சர்வதேச விதி அதுதான்.

எறிய இருக்கிற 24 விநாடியைக் காட்டும் ஷாட் கிளாக் கருவி இல்லாததால் டேபிளில் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை எறிந்த அணியே பிடித்தால் 24 இல்லை, 14 விநாடிதான். ஒரு தடவையாவது 24 கொடுத்துவிடுவார்கள், இரண்டு கோச்சும் டேபிளுக்கு நடப்பார்கள். ஸ்கோர் போர்டின் தகரத் தட்டில் 6ம் 9ம் இடம் மாறி, 26 என்பது 29 ஆகத் தொங்கும். கூட்டம் கொண்டாடட்டும், நீங்கள் டேபிளில் ஓடும் ஸ்கோர் ஷீட்டை மட்டும் நம்புங்கள்.

பந்து மத்தியானமே வெயிலில் கிடந்தால் காற்று விரிந்து கல்லாகிவிடும், ரிங்கில் பட்டு மூன்று புள்ளிக் கோடு வரை துள்ளும். காற்றழுத்தம் 7 முதல் 9 பி.எஸ்.ஐ. என்று பந்திலேயே போட்டிருக்கிறது. காற்றடிப்பது நாலு மணிக்கு, நிழலில். முதல் ஐந்து நிமிடத்தில் நீண்ட ரீபவுண்ட் மூன்றாவது வந்தால் யாரோ பந்தை மத்தியானம் வெயிலில் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

இரண்டாம் பாதிக்கு மூன்று டைம் அவுட் உண்டு. நாலாம் காலாண்டின் கடைசி 2 நிமிடத்துக்குள் இரண்டுதான் எடுக்க முடியும். நம்ம கோச் மூன்றையும் பத்திரமாக வைத்திருந்து ஒன்றை இழப்பார். யாராவது பெஞ்ச் பக்கம் உட்கார்ந்திருந்தால் 2.10 இருக்கும்போதே சார் காதில் போடுங்கள்.

நம்ம கணிப்புப் போட்டிக்குத் தாள் கொடுக்கிறவர்கள் ஆட்டத்தைத் தொடங்கும் ஜம்ப் பாலுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். பஸ் வந்த பிறகு திருத்தலாம், ஒரே ஒரு தடவை. வெல்லும் அணியைச் சரியாகச் சொன்னால் 5 மதிப்பெண், வித்தியாசம் மூன்றுக்குள் சரியாக இருந்தால் 3, பிவட்டின் நாலாவது ஃபவுல் எந்தக் காலாண்டு என்பதற்கு 2, முதலில் யார் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார் என்று எண் சொன்னால் 2. மதிப்பெண் சமமாக வந்தால் இரண்டு அணியும் சேர்ந்து தவறவிட்ட ஃப்ரீ த்ரோ எத்தனை என்பதை வைத்துத் தீர்ப்பு. நான் 12 போட்டிருக்கிறேன். கடைசி இடத்துக்காரர் எல்லோருக்கும் டிகிரி காபி வாங்கித் தர வேண்டும், மயிலாடுதுறைப் பசங்க பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து.